மீசை வெச்ச ஹீல்ஸ்

கூழாங்குளத்துக்கு எப்படிப் போவது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டில் நிற்கிற ஆளிடம் "எங்க ஊரு எந்தப் பக்கம்யா?" என்று கேட்டுத்தான் வந்து சேருவார்கள். கேட்கப்பட்ட ஆளும் அதே ஊர்க்காரனாக இருந்துவிட்டால், இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் நல்லுச்சாமி என்று ஒருத்தன். ஆள் குள்ளம், மனசு வெள்ளை. தான் குள்ளம் என்பதே அவனுக்கு வெகுகாலம் தெரியாது. மற்றவர்கள் எல்லாம் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிட்டார்கள், பாவம், என்று நினைத்துக்கொண்டிருந்தான். வீடு கட்டும்போதுகூடத் தன் தலை இடிக்காத அளவுக்குத்தான் வாசல் நிலையை வைத்தான். அவன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டே நுழைவார்கள். ஊரில் தனக்கு எவ்வளவு மரியாதை என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

விஷயம் தெரிந்தது பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான்.

ஒத்தப்பனைமேட்டில் தவமணி என்று ஒரு பெண். காப்பி டம்ளரோடு வந்து முன்னால் நின்றாள். மரியாதையாக எழுந்து நின்று வாங்குவோம் என்று நல்லுச்சாமி எழுந்தான். எழுந்தும் அவன் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. டம்ளர் எங்கேயோ மேலே ஆவி பறக்க நின்றது. தவமணி சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாக இறக்கி அவன் கையில் கொடுத்து, "உக்காந்தே குடிங்க, சூடா இருக்கு" என்றாள். அந்த ஒரு பேச்சில் நல்லுச்சாமி காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் காப்பியே குடிப்பதில்லை என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டான்.

அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தாய்மாமன் தங்கப்பாண்டி இருக்கிறாரே, அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மீசையை ஒரு பக்கம் முறுக்கிவிட்டு, மறுபக்கத்தை முறுக்கப் போகிற இடைவெளியில்தான் பேசுவார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு குத்தமும் இல்ல. ஆனா மாலை மாத்தறப்ப எங்க புள்ள தலை குனியக் கூடாது. எங்க வம்சத்துல யாரும் குனிஞ்சு மாலை வாங்கினதில்ல. அதுக்காக நீங்க எம்பிக் குதிக்கவும் கூடாது. குதிச்சா போட்டோவுல கால் அந்தரத்துல நிக்கும்."

"நான் வேணா உக்காந்துக்கறேன் மாமா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து தவமணி சொன்னாள்.

"நீ சும்மா இரு தாயி" என்றவர், மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். டவுனில் ஹீல்ஸ் வைத்த செருப்பு விற்கிறதாமே, அதை மாட்டிக்கொண்டு வரட்டும், தடையில்லை என்றார். "ஆனா ஒண்ணு. பாத்தா ஆம்பளைச் செருப்பாத் தெரியணும். பொம்பளைச் செருப்ப மாட்டிக்கிட்டு எங்க சனத்துக்கு முன்னால வந்து நின்னீங்கன்னா, தாலிய வந்த வழியே எடுத்துக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்."

சொன்னவர் ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்து, தவமணியைச் சுவரோரம் நிற்கவைத்து, அவள் உச்சந்தலை அளவுக்கு அதை வெட்டி நல்லுச்சாமியின் கையில் கொடுத்தார். "இதைக் கழின்னு நெனைக்காதீங்க. எங்க தவமணின்னே நெனச்சுக்கங்க. இதுக்குச் சமமா நீங்க நிக்கணும்."

நல்லுச்சாமி அந்தக் கழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தரையில் ஊன்றாமல், பெண்ணுக்கு வலிக்குமே என்று தோளில் சாய்த்தபடி ஊர் வந்து சேர்ந்தான்.

வந்ததும் கூட்டாளிகள் பம்புசெட்டில் கூடினார்கள். மூன்று பேர். ஒருத்தன் சோணைமுத்து, ஊரிலேயே பெரிய அறிவாளி. ஒருதடவை மதுரைக்குப் போய், கூட்டம் மறைத்ததால் ஊரைப் பார்க்க முடியவில்லை என்று திரும்பி வந்தவன். அடுத்தவன் மொக்கராசு, ஊரிலேயே பெரிய மீசை அவனுடையது, காலையில் தலைக்கு முன்னால் மீசையைத்தான் சீவுவான். மூன்றாவது இருளாண்டி. அதிகம் பேச மாட்டான். பேசினால் ஒரே ஒரு கேள்வி கேட்பான், அதற்கப்புறம் வந்த காரியம் நடக்காது.

கழியைப் பாயில் படுக்கவைத்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துவிட்டு, பேச்சை ஆரம்பித்தார்கள்.

"செருப்பெல்லாம் எதுக்கு?" என்றான் சோணைமுத்து. "புதுத்துணிய நனைச்சா சுருங்குதுல்ல. பொண்ண நாலு மழையில நிக்க வெச்சா தானா சரியாப் போயிரும்."

நல்ல யோசனைதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் முகூர்த்தம் வைகாசியில். அதற்குள் மழை வராது. மேலும், "நனைஞ்ச துணி அகலத்துலயும் சுருங்குமே?" என்று இருளாண்டி கேட்டுவிட்டான். தவமணி சுருங்குவதில் நல்லுச்சாமிக்குச் சம்மதம் இல்லை. அவள் எந்த அளவில் இருக்கிறாளோ அந்த அளவிலேயேதான் அவனுக்கு வேண்டும். ஆகவே செருப்பு வாங்கவே முடிவாயிற்று.

மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் கழியைப் பார்த்துவிட்டு, யார் கண்ணையாவது குத்தும், இறக்குங்க என்றார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, இது பொண்ணு" என்றான் நல்லுச்சாமி.

கண்டக்டர் கழியைப் பார்த்தார். நாலு பேர் முகத்தையும் பார்த்தார். அந்த ரூட்டில் பல காலம் ஓடுகிறவர். எந்த ஊர் ஆட்கள் என்று புரிந்துபோயிற்று. "பொண்ணுன்னா லேடீஸ் சீட்டுல ஒக்கார வைங்க" என்றார். அவர்களும் கீரைக்கட்டுக் கூடையோடு இருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் கழியைச் சாய்த்துவைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்கள். கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

டவுனில் ஏறி இறங்காத செருப்புக்கடை இல்லை. ஆம்பளைக்கு ஹீல்ஸ் வேண்டும் என்றதும் ஒரு கடைக்காரர் நாடகமா என்று கேட்டார். இன்னொருத்தர் ஒரு பூட்ஸை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் இரண்டு விரல் உயரம் இருந்தது. நல்லுச்சாமி அதை மாட்டிக்கொண்டு கழிப் பக்கத்தில் நின்றான். தோளிலிருந்து காதுக்குக்கூட ஏறவில்லை. ஒன்றைப் போட்டு அதற்கு மேல் இன்னொன்றைப் போட முடியுமா என்று சோணைமுத்து கேட்டதற்கு, கடைக்காரர் வெளியே வெயில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். பார்த்துவிட்டு வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்.

கடைசியில் ஒரு கடையில் வேலை பார்க்கிற பெண் ஒரு ஜோடியை எடுத்துவைத்தாள். அட, அதுதான் செருப்பு. குதிகால் ஒரு சாணுக்குக் குறையாது. முன்பக்கமும் செங்கல் கனத்துக்கு இருந்தது. நல்லுச்சாமிக்குச் சின்னப் பாதம், கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று பேர் பிடித்துக்கொள்ள, எழுந்து கழியோரம் நின்றான். சரிசமம். அவன் கண்ணுக்கு நேராகக் கழியில் ஒரு கணு இருந்தது. கல்யாணத்தன்று அந்த இடத்தில் தவமணியின் கண் இருக்கும் என்று நினைத்தான். அந்தக் கணுவைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் செருப்பு நல்ல ரோஸ் கலர். பளபளவென்று கல் பதித்து, மேலே இரண்டு பூ.

"இதே மாதிரி ஜென்ட்ஸ்ல குடும்மா" என்றான் சோணைமுத்து.

"இதுல ஜென்ட்ஸ் வராதுண்ணே."

"வர்ற வரைக்கும் இருக்கோம். எங்களுக்கு வேற வேலை இல்ல."

கடைப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரமும் போனது, டீ நேரமும் போனது. யார் கடைக்குள் நுழைந்தாலும் மொக்கராசு எழுந்து, "வந்துருச்சா?" என்று கேட்டான். பொறுக்க முடியாமல் அந்தப் பெண், இதையே எடுத்துப்போய் வீட்டில் வைத்து ஆம்பளைத்தனமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று கட்டிக் கொடுத்துவிட்டாள். படி இறங்கும்போது நல்ல மனசோடு ஒரு வார்த்தையும் சொன்னாள்: "புதுசாப் போடறவங்க சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்ணே. சுவத்த மட்டும் விட்றாதீங்க."

"விட மாட்டேம்மா" என்று நல்லுச்சாமி சத்தியம் செய்துகொடுத்தான்.

ஊர் வந்ததும் செருப்பை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, இதை எப்படி ஆம்பளை ஆக்குவது என்று பேசினார்கள்.

"பூ வெச்சிருக்குல்ல, அதான் பொம்பளையாத் தெரியுது" என்று சோணைமுத்து பூவைப் பிய்த்தெறிந்தான்.

இருளாண்டி ரொம்ப நேரம் செருப்பையே பார்த்தான். "எங்க அக்கா பூ வைக்காத அன்னிக்கு ஆம்பளையா?" என்றான்.

எல்லாரும் யோசித்தார்கள். இல்லைதான். பூ இல்லாவிட்டால் பூ இல்லாத பொம்பளை, அவ்வளவுதான். அப்படியானால் ஆம்பளை என்பதற்கு என்ன அடையாளம்? வேட்டி கட்டிவிடலாமா என்றால், செருப்புக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று தகராறு வந்தது. சட்டைப் பை வைக்கலாம் என்றான் ஒருத்தன். இப்போது பொம்பளைப் பிள்ளைகளே பை வைத்துத் தைக்கிறார்கள் என்றான் இன்னொருத்தன். அப்படியே பேச்சு சுற்றிச் சுற்றி வந்து ஒரு இடத்தில் நின்றது. மூன்று பேரும் மொக்கராசின் முகத்தைப் பார்த்தார்கள்.

மொக்கராசு கையால் மீசையை மூடிக்கொண்டான்.

"மாட்டு வால்ல முடி எடுத்து வைங்களேன்டா" என்றான் கைக்குள்ளிருந்து.

"மாட்டுக்கு மீசை இருக்கா?" என்றான் இருளாண்டி.

இல்லை. மீசையே இல்லாத ஒருத்தனிடம் முடி வாங்கி மீசை வைத்தால் அது எப்படி மீசையாகும்? நியாயம்தான். நல்லுச்சாமி கழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் கணுவைத் தடவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மொக்கராசுக்கு மனசு இளகிவிட்டது. "எடுத்துக்கங்கடா. வலப்பக்கத்த வலது செருப்புக்கு வைங்க, இடப்பக்கத்த இடதுக்கு வைங்க. மாத்தி வெச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி முகத்தை நீட்டினான்.

மீசை போன முகத்தோடு மொக்கராசு வீட்டுக்குப் போனான். அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து பார்த்து, "வீட்டுல ஆம்பளை இல்ல, அப்புறமா வாங்க" என்று சாத்திக்கொண்டாள். மொக்கராசும் சரி, இல்லாத நேரத்தில் உள்ளே போவது முறையில்லை என்று வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரர் வந்ததும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் காத்திருந்தான்.

இந்தப் பக்கம், ரோஸ் கலர் ஆம்பளைக்கு ஆகாதே என்று, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டின்னைச் சூடுகாட்டி, செருப்பு முழுக்கக் கன்னங்கரேல் என்று பூசினார்கள். வாரிலும் பூசினார்கள். தார் ஈரமாக இருக்கும்போதே முன்பக்கம் மீசையை ஒட்டினார்கள். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், யாரோ இரண்டு பேர் மண்ணுக்குள் கழுத்து வரை புதைந்து முறைப்பதைப் போல இருந்தது. சோணைமுத்து அறியாமலே, "வாங்கண்ணே" என்றுவிட்டான்.

அடுத்தது நடைப் பழக்கம். நல்லுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் சொன்னபடி தன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக நடந்தான். ஒரு மூலை திரும்பினான், இன்னொரு மூலை திரும்பினான். சாயங்காலம் வரை நடந்துவிட்டு வந்து, "வீடு முடியவே மாட்டேங்குதுப்பா" என்றான். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாது.

நடை பழகிவிட்டது. ஆனால் முகூர்த்தத்துக்கு முதல்நாள்தான் நல்லுச்சாமிக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒத்தப்பனைமேடு வரைக்கும் சுவர் கிடையாதே. நடுவில் வயக்காடு, வாய்க்கால், வெறும் ரோடு. சுவரை விட மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறான்.

சோணைமுத்து சிரித்தான். "சுவரு எதுக்குடா நமக்காக அங்க வந்து நிக்கணும்? நம்ம சுவத்த நாம கூட்டிக்கிட்டுப் போவோம்."

மாட்டுக்கொட்டகையில் மறைப்புக்கு நின்ற தென்னந்தட்டியைப் பிடுங்கினார்கள். முன்னால் சோணைமுத்து, பின்னால் இருளாண்டி. ரெண்டு பேரும் தட்டியைத் தூக்கிப் பிடிக்க, நல்லுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மொக்கராசு கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். புறப்படும் முன்னால், கல்யாணச் செருப்பு மினுமினுப்பாக இருக்க வேண்டும் என்று புதுசாக ஒரு தடவை தார் பூசியிருந்தார்கள். வழியில் கிடந்த வைக்கோல், வேப்பம்பழம், மிட்டாய்க் காகிதம் எல்லாம் செருப்பில் ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒத்தப்பனைமேட்டுச் சனம் திகைத்து நின்றது. மாப்பிள்ளை சுவரோடு வருகிறாரே என்று முணுமுணுப்பு. அது கூழாங்குளத்து வழக்கமாயிருக்கும் என்று விவரம் தெரிந்த ஒரு பெரியவர் சொல்லவும், பெண்வீட்டு அம்மா ஒருத்தி ஓடிவந்து மாப்பிள்ளைக்கு வைத்த கையோடு தட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

தங்கப்பாண்டி வந்தார். முதலில் மொக்கராசிடமிருந்து கழியை வாங்கி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சமம். பிறகு வேட்டியைத் தூக்கிக் குத்தவைத்து உட்கார்ந்து செருப்பைப் பார்த்தார். செருப்பும் அவரைப் பார்த்தது. தங்கப்பாண்டி தன்னுடைய மீசையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆம்பளைச் செருப்புதான்" என்று எழுந்தார். "எனக்கே இம்புட்டு அடர்த்தி இல்ல."

மொக்கராசுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பந்தலுக்குள் ஜமுக்காளம் விரித்திருந்தது. எதிரே ஒரு முழ உயரத்தில் மணவறை. அதன் மேலே தவமணி மாலையோடு நின்றாள். நல்லுச்சாமி மணவறைக்கு முன்னால் வந்து நின்றான். புகைப்படம் எடுப்பவர் கருவியைத் தயார் செய்கிற வரைக்கும் வெயிலிலும் விளக்குச் சூட்டிலும் அசையாமல் நின்றான். அப்புறம் ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு மேல ஏறுங்கோ மாப்பிள்ளை."

நல்லுச்சாமி குனிந்து செருப்பைப் பார்த்தான்.

மணவறையில் செருப்புப் போடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கூழாங்குளத்துக்காரர்களுக்கும் தெரியும். தங்கப்பாண்டிக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் இந்தச் செருப்பை நினைத்த நேரத்தில் அதை யாருமே நினைக்கவில்லை. தங்கப்பாண்டியின் கை மீசை வரைக்கும் போய், முறுக்காமல் திரும்பி வந்தது.

வேறு வழியில்லை என்று நல்லுச்சாமி காலை உருவினான். வரவில்லை. தார் இளகிக் காலும் செருப்பும் ஒன்றாகிப்போயிருந்தன. வலுவாக ஒரு காலைத் தூக்கினான். செருப்போடு ஜமுக்காளமும் சேர்ந்து எழுந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த பெண்வீட்டுச் சனம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. காலைக் கீழே வைத்துவிட்டான்.

கூட்டாளிகள் தலையைக் குவித்துக்கொண்டார்கள். செருப்போடு ஏறக் கூடாது. செருப்பில்லாமல் ஏறினால் உயரம் பத்தாது. இப்போது எப்படியும் ஏறவே முடியாது.

"செருப்புதான மேல ஏறக் கூடாது?" என்றான் இருளாண்டி. "மணவறை கீழ எறங்கலாமா?"

சோணைமுத்து மணவறையின் ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தான். ஐயர் இரண்டு கையாலும் ஹோமகுண்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

நல்லுச்சாமி அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு செய்தும் தவமணி மறுபடியும் மேலேதான் இருந்தாள், டம்ளர் ஆவி பறந்த அதே உயரத்தில். தாலியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போகக்கூட அவனால் முடியாது, கால் வராது.

"தவமணி, நான் வந்துட்டேன்" என்றான். "இதுக்கு மேல வர முடியல."

தவமணி மாமனைப் பார்க்கவில்லை. மாலையைக் கையில் பிடித்தபடி மணவறையை விட்டு இறங்கினாள். வெறுங்காலோடு நேரே வந்து அவன் முன்னால் நின்றாள். கணு இருந்த இடத்தில் கண் இருந்தது.

"நான் வந்துட்டேன்ல" என்றாள். "கால் வலிக்குதா?"

"இல்ல. அது இருக்கான்னே தெரியல."

மாலை மாறியது. அவள் குனியவில்லை. அவன் குதிக்கவில்லை, குதிக்கவும் முடியாது. தங்கப்பாண்டி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வைத்து, அவள் கழுத்து நேராகவே இருந்ததைக் கடைசி வரை பார்த்துவிட்டு, அப்போதுதான் மறுபக்க மீசையை முறுக்கினார். ஐயர் அக்கினியைத் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். இன்ன ஊர் மாப்பிள்ளை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் தரையிலேயே அடுக்கியிருப்பேனே என்றுதான் வருத்தப்பட்டார். தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. வலம் வருவது மட்டும் முடியவில்லை. மாப்பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு அக்கினியை அவனைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்கப்புறம்தான் மண்ணெண்ணெய் தேட ஆள் ஓடியது. தங்கப்பாண்டி நேரத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள பொண்ணு உங்க ஊர் வாசப்படி ஏறியாகணும். பொண்ணப் பத்திரமாக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்கப்பா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மூன்று பேரும் பார்த்தார்கள். நல்லுச்சாமியை ஜமுக்காளத்திலிருந்து பிரிக்கப் பொழுதாகும். அவனை விட்டுவிட்டுத் தவமணி வர மாட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் குதிகாலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது.

"கழியக் குடுத்தப்ப மாமா என்ன சொன்னாரு?" என்றான் சோணைமுத்து. "எங்க தவமணின்னே நெனச்சுக்கங்கன்னாரா இல்லியா?"

சொன்னார்தான். நல்லுச்சாமிக்குத் தட்டியை விட்டுவிட்டு, கழிக்கு ஒரு மாலையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அதே கண்டக்டர். மாலையைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்றார். இப்பத்தான் முடிஞ்சுது என்றார்கள். லேடீஸ் சீட்டைக் கையைக் காட்டிவிட்டு விசில் கொடுத்தார்.

வீட்டில் நல்லுச்சாமியின் அக்கா சிட்டம்மா ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். பெண் பார்க்கவும் அவள் போகவில்லை, ஆரத்திக்கு ஆள் வேண்டுமே என்று கல்யாணத்துக்கும் போகவில்லை. கழியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒசரம்னு சொன்னாங்க. இம்புட்டு ஒல்லின்னு யாரும் சொல்லலியே" என்று வாயில் கைவைத்தாள். ஆனாலும் வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துக் குறை பேசக் கூடாது என்று மூன்று சுற்றுச் சுற்றினாள்.

வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னாள். அங்கேதான் தகராறு. கழிக்கு எது வலது கால்? ஒரு கால்தான் இருக்கிறது, ஆகவே அதுதான் வலது என்றான் மொக்கராசு. "அப்ப எடது எங்க போச்சு?" என்றான் இருளாண்டி. மாமா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று மூன்று பேருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஒருவழியாகச் சமாதானமாகி உள்ளே நுழைந்தால், நிலையில் டணார் என்று இடித்தது. நிலைதான் நல்லுச்சாமி உயரமாயிற்றே.

"கொஞ்சம் சாச்சுக் கொண்டுபோங்கடா" என்றாள் சிட்டம்மா.

"நல்லாச் சொன்னக்கா" என்றான் சோணைமுத்து. "பொண்ணு தலை குனியக் கூடாதுன்னு மாமா எம்புட்டு சொன்னாரு. அதுக்காகத்தான இம்புட்டுப் பாடு." இருளாண்டி கடப்பாரை எடுத்துவர ஓடினான்; நிலையைப் பேர்த்து எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் நல்லுச்சாமியும் தவமணியும் வந்து சேர்ந்தார்கள். கால் வெறுங்கால். மண்ணெண்ணெயில் தார் கரைந்து செருப்பு கழன்றுபோய், மீசை மட்டும் அவன் இரண்டு பெருவிரல்களிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆனால் சுவரை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. அவன் தட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தான். தட்டியின் முன்முனையைத் தவமணி தூக்கிப் பிடித்திருந்தாள். பின்முனை ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

சோணைமுத்து திரும்பிப் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பொண்ணு உள்ள போகட்டும்."

தவமணி தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கடப்பாரை வந்தது. எந்தப் பக்கத்துக் கல்லை முதலில் பேர்ப்பது என்று பேச்சு நடந்தது. அந்தச் சந்தடியில் அவள் தட்டியை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்து, வலது காலை வைத்து உள்ளே போய்விட்டாள். அவள் பின்னாலேயே நல்லுச்சாமி குனியாமல் போனான். இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து காப்பி வாசம் வந்தது.

"யாரு உள்ள காப்பி போடறது?" என்றாள் சிட்டம்மா.

"யாரா இருந்தா என்னக்கா" என்றான் சோணைமுத்து, கழியை நிழல் பக்கமாகச் சாய்த்துவைத்து மாலையைச் சரிசெய்தபடி. "பொண்ணுக்கும் ஒரு டம்ளர் போடச் சொல்லு. பாவம், காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கு."